லீக் ஆட லீவு கேட்ட கதை

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு வந்து, இன்னமும் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும் தங்கச்சிகள் அடிக்கடி போன் போட்டுக் கேட்கிறார்கள்: "அக்கா, இந்திய மகளிர் லீக்ல ஆட ஒரு கிளப் கூப்பிடுது. ஆபீஸ்ல என்ன சொல்றது?" ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி. தமிழ்நாடு அணிக்கு ஆடியதை வைத்து 3 சதவீத ஒதுக்கீட்டில் இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. தேசிய அணி கேம்ப்புக்கு ப்ராபபிள்ஸ் (உத்தேச வீராங்கனைகள்) பட்டியலில் ஒருமுறை போயிருக்கிறேன். கடைசிப் பட்டியலில் பெயர் வரவில்லை. துறையின் பெயரும் கிளப்பின் பெயரும் இங்கே வேண்டாம். இரண்டு பக்கமும் இன்னும் பேச்சு வார்த்தை இருக்கிறது!

முதலில் சிக்கல் எங்கே என்று சொல்லிவிடுகிறேன். தேசிய அணி கேம்ப்புக்குக் கடிதம் வந்தால் அலுவலகத்தில் ஒரு கேள்வியும் வராது. சிறப்பு விடுப்பு, முழுச் சம்பளம், போகும்போது சால்வை வேறு. அதே கேம்ப்புக்குத் தேர்வாக வேண்டுமானால் லீக்கில் ஆடியிருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் அங்கேதான் வந்து பார்க்கிறார்கள். ஆனால் லீக் என்பது கிளப். கிளப் என்பது தனியார். நாட்டுக்கு ஆட லீவு உண்டு, நாட்டுக்கு ஆடத் தகுதி வளர்த்துக்கொள்ளும் இடத்துக்கு லீவு கிடையாது.

முன்பு இது யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. 2016-17-இல் லீக் தொடங்கியபோது இறுதிச் சுற்று டெல்லியில் 6 அணிகளோடு சில வாரங்களில் முடிந்தது. 2019-இல் மதுரை சேது எஃப்.சி. கோப்பை வென்றது லூதியானாவில். 2022-இல் புவனேஸ்வர், 2023-இல் அகமதாபாத். எல்லாம் ஒரே ஊரில் கூடி ஆடிக் கலையும் ஆட்டம். வருடத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு ஆடிவிட்டு வந்துவிடலாம். கூட ஆடிய போலீஸ் அக்காக்கள், ரயில்வே அக்காக்கள் எல்லாரும் ஏதோ ஒரு விதத்தில் அப்படித்தான் சமாளித்தார்கள்.

2023-24-இல் லீக் சொந்த ஊர், எதிரணி ஊர் என்று மாறியது. 7 அணிகள், ஆளுக்கு 12 ஆட்டம். அடுத்த சீசன் 8 அணிகள், 14 ஆட்டம். ஜனவரியில் ஆரம்பித்து ஏப்ரல் வரை போனது. ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே உடம்பு தேற நாள் கிடைத்தது, செய்த தப்பைத் திருத்திக்கொள்ள வாரம் கிடைத்தது. பத்து வருஷமாக நாங்கள் எல்லாரும் கேட்டதே இதுதான். கிடைத்ததும் வேலையில் இருக்கிறவர்களுக்கு விடுப்பு போதாமல் போய்விட்டது.

எனக்கு அழைப்பு வந்தது 2024-25 சீசனுக்கு. வேறு மாநிலத்துக் கிளப். மேனேஜர் வாட்ஸ்அப்பில் ஒப்பந்த டிராஃப்ட்டை அனுப்பி, "நாளைக்கே சைன் பண்ணி அனுப்புங்க" என்றார். எந்தக் கிளப் அனுப்பினாலும் நாளைக்கே சைன் பண்ணாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் அண்ணனிடம் காட்டினேன். இரண்டு இடத்தில் பேனாவை வைத்தார்.

ஒன்று, தேசிய கேம்ப்பில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளம் கிடையாது என்று ஒரு வரி. இன்னொன்று, கேம்ப்பில் காயம்பட்டால் கிளப்புக்குப் பொறுப்பில்லை என்று. ஃபிஃபாவின் வீராங்கனை நிலை, மாற்றம் பற்றிய விதிகளில் முதல் இணைப்பு முழுக்க இந்த விஷயம்தான். மகளிருக்கான சர்வதேச ஆட்டக் காலண்டரில் இருக்கும் விண்டோவில், அதாவது நாட்டு அணி ஆட்டங்களுக்கென்று ஒதுக்கிய நாட்களில், நாட்டு அணி அழைத்தால் கிளப் அனுப்பியே ஆக வேண்டும். அனுப்பியதற்கு ஈடாகப் பணம் கேட்க முடியாது. பயணச் செலவு அழைத்த கூட்டமைப்பின் தலையில். ஆனால் அந்த நாட்களில் நோய்க்கும் விபத்துக்குமான காப்பீடு, பதிவு செய்திருக்கும் கிளப்பின் பொறுப்பு. இதை எடுத்து எழுதி அனுப்பினேன். மேனேஜர் நல்ல மனுஷன்தான், "ஆண்கள் அணிக்குப் போட்ட பழைய டிராஃப்ட், மாத்தித் தர்றேன்" என்றார். காப்பீட்டு வரி மாறியது. சம்பள வரி பாதி மாறியது: விண்டோவுக்குள் முழுச் சம்பளம், அதற்கு முன்னால் நடக்கும் நீண்ட கேம்ப்புக்குப் பேசி முடிவு செய்யலாம் என்று.

இந்தப் பாதி ஏன் என்றால், விண்டோவுக்கு வெளியே அனுப்ப கிளப்புக்குக் கட்டாயம் இல்லை. ஐரோப்பாவில் விண்டோவில் கூடி, ஆடி, கலைந்துவிடுகிறார்கள். நம் ஊரில் வாரக்கணக்கில் கேம்ப் நடத்துவது பழக்கம். லீக் இல்லாத காலத்தில் கேம்ப்தான் எங்களுக்குக் கிளப், மெஸ், சம்பளமில்லாத வேலை எல்லாம். லீக்கையும் தேசிய அணியையும் ஒரே அமைப்பு, அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பு, நடத்துவதால் அட்டவணையைப் பார்த்துப் போடுகிறார்கள், அதனால் பெரிய மோதல் வருவதில்லை. ஆனாலும் எழுத்தில் இருப்பது நல்லது.

சம்பளம் பற்றி: முதல் டிவிஷன் கிளப் ஒவ்வொன்றும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்காவது வருடத்துக்கு 3.2 லட்சத்துக்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும் என்று 2023-இல் கூட்டமைப்பு அறிவித்தது. அந்தப் பத்தில் நீங்கள் ஒருத்தியா, பதினோராவது ஆளா என்று நேராகக் கேளுங்கள். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்கு.

பதிவு வேலை பெரிய விஷயமில்லை. சி.ஆர்.எஸ். என்று கூட்டமைப்பின் ஆன்லைன் பதிவு இருக்கிறது. ஆளுக்கொரு எண், அதில் நம் பழைய கிளப் ஒட்டிக்கொண்டிருக்கும். நான் உள்ளூர் லீக்கில் ஆடிய கிளப்பின் பெயர் அதில் இருந்தது. புதுக் கிளப் கோரிக்கை போட, பழைய கிளப் சரி என்று சொல்ல வேண்டும். பழைய கிளப் செயலாளர் கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டார், லேப்டாப் வீட்டில். பதிவு விண்டோ மூடுவதற்கு முன் எப்படியோ நடந்தது. ஒரு சீசனில் 3 கிளப்பில் பதியலாம், ஆனால் 2 கிளப்புக்குத்தான் ஆட முடியும் என்பதையும் ஞாபகம் வையுங்கள். உள்ளூர் போட்டிக்கு யாராவது "சும்மா ஒரு மேட்ச் வந்து ஆடிட்டுப் போம்மா" என்று கூப்பிட்டால் அதுவும் கணக்கில் சேரலாம்.

இப்போது அலுவலகம்.

நான் கொடுத்த முதல் மனுவில் 'பார்வை' என்று போட்டு கிளப்பின் கடிதத்தை வைத்திருந்தேன். கண்காணிப்பாளர் மேடம் அதைப் பார்த்துவிட்டு, "இது என்னம்மா, தனியார் கம்பெனி லெட்டரு? இதை வெச்சு நான் எப்படி கோப்பு போடறது?" என்றார். நியாயம்தான். 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி வெளியே சம்பளம் வாங்கும் எந்த வேலைக்கும் முன் அனுமதி வேண்டும். ஆக நான் கேட்பது ஒரு விஷயமல்ல, இரண்டு: கிளப்பிடம் பணம் வாங்க அனுமதி, அங்கே போக விடுப்பு. ஒரே மனுவில் இரண்டையும் கலந்து கேட்டால் கோப்பு ஒரு மேஜையில் நின்றுவிடும். பிரித்து இரண்டு மனுவாகக் கொடுத்தேன். அனுமதி கேட்கும் மனுவில் ஒப்பந்தத்தின் நகல், தொகை, காலம் எல்லாம் மறைக்காமல். விடுப்பு மனுவில் கூட்டமைப்பு வெளியிட்ட லீக் அட்டவணை, முன்பு நான் போன தேசிய கேம்ப் கடிதம்.

மேடம் படித்துவிட்டுக் கேட்டார், "போலீஸ்ல இருக்கிற பொண்ணுங்க எல்லாம் எப்படிம்மா ஆடறாங்க?" நல்ல கேள்வி. கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர், கொரோனா ஊரடங்கில் ரோட்டில் நின்று பணி பார்த்தவர், இந்திய அணிக்கும் ஆடினார், லீக்கிலும் ஆடினார். மணிப்பூர் போலீஸில் இருந்த பாலா தேவி 2020 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்போடு 18 மாத ஒப்பந்தம் போட்டுப் போனார். பேப்பர் கட்டிங்குகளையும் இணைத்தேன். மேடம் சிரித்தார். "ஸ்காட்லாந்து போனவங்களுக்கு யாரு லீவு போட்டுக் கொடுத்தா? அந்த ஆர்டர் காப்பி இருந்தா கொண்டா, நாளைக்கே போட்டுடலாம்." முன்மாதிரி ஆணை ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்பது எந்த அலுவலகத்திலும் உண்மை. எனக்குக் கிடைக்கவில்லை. என் ஆணை வேறு யாருக்காவது பயன்பட்டால் சந்தோஷம்.

கோப்பு மாவட்டத்திலிருந்து தலைமை அலுவலகம் போனது, விளக்கம் கேட்டுத் திரும்பி வந்தது, மறுபடி போனது. "இந்தப் போட்டி தேசியப் போட்டியா, தனியார் போட்டியா?" என்பதுதான் கேட்ட விளக்கம். சட்டப்படி பதில் சொல்வது கஷ்டம். நடத்துவது தேசியக் கூட்டமைப்பு. வெல்லும் கிளப் ஆசியக் கிளப் போட்டிக்கு இந்தியாவின் பெயரில் போகிறது. ஆனால் ஆடுவது கிளப். 2022 ஆகஸ்டில் ஃபிஃபா நம் கூட்டமைப்பைத் தடை செய்தபோது கோகுலம் கேரளா அணி ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்தது. ஆடாமலேயே திரும்ப வேண்டியதாயிற்று. தண்டனை வரும்போது கிளப் நாட்டோடு சேர்த்தி; லீவு கேட்கும்போது மட்டும் தனியார். இதை நான் விளக்கத்தில் எழுதவில்லை. டீக்கடையில் சொன்னேன், அதோடு சரி.

கடைசியில் வந்த ஆணை இப்படி: கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பு போக, மீதி நாட்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு. கிளப்பிடம் தொகை பெற அனுமதி உண்டு. லீக் நடுவில் தேசிய அணிக்கு அழைப்பு வந்தால் அந்த நாட்களைச் சிறப்பு விடுப்பாக மாற்றிக்கொள்ளலாம். மூன்றாவது வரியை நான் கேட்டுச் சேர்க்க வைத்தேன். நீங்களும் கேளுங்கள், பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

சம்பளமில்லா விடுப்பில் போவதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். மருத்துவச் சான்று இல்லாத சம்பளமில்லா விடுப்பு இன்கிரிமென்ட்டுக்குச் சேராது. ஆண்டு ஊதிய உயர்வு அவ்வளவு நாள் தள்ளிப்போகும். தகுதிகாண் பருவம் முடியாதவர்கள் என்றால் அதுவும் நீளும். என்னைக் கேட்டால், தகுதிகாண் பருவம் முடியும்வரை பொறுத்திருங்கள். வயசு போகிறதே என்று துடிப்பாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் போனால் கிளப் இருக்காது, வேலை இருக்கும். வீட்டில் அம்மா சொன்னதும் அதேதான், இன்னும் கடுமையாக.

சீசனைப் பற்றி நிறைய எழுத ஆசை, இது அதற்கான இடமில்லை. கொல்கத்தா, புவனேஸ்வர், கோழிக்கோடு என்று ஓடினோம். ஒரு ஆட்டத்தில் கோகுலத்தின் உகாண்டா வீராங்கனை ஃபாசிலா இக்வாபுட் என் பக்கமாக இறங்கினார். தொடர்ந்து இரண்டு சீசன் லீக்கில் அதிக கோல் அடித்தவர். அவர் தோளைத் திருப்பும் வேகம் எந்த கேம்ப்பிலும் நான் பார்க்காதது. முதல் பாதியில் என்னைக் கரகாட்டம் ஆட வைத்தார். பழைய மாதிரிப் போட்டியாக இருந்தால் இரண்டு நாளில் அடுத்த ஆட்டம், யோசிக்கக்கூட நேரம் இருக்காது. அந்த சீசனில் ஒரு வாரம் கோச் என்னை உட்கார வைத்து வீடியோ காட்டினார். எங்கே நின்றிருக்க வேண்டும், எப்போது விலகியிருக்க வேண்டும் என்று. ஒரு டிஃபெண்டர் வளர்வது அந்த ஒரு வாரத்தில்தான். நீளமான லீக் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு வேறு காரணமே தேவையில்லை.

லீக் முடிந்து ஈஸ்ட் பெங்கால் சாம்பியன் ஆனது. எனக்கு தேசிய கேம்ப் கடிதம் வரவில்லை. வந்தவர்கள் பெங்களூரில் கூடி, ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குத் தாய்லாந்து போய், மங்கோலியாவை 13-0 என்று வென்று தொடங்கினார்கள். 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை 2-1 என்று வீழ்த்தினார்கள். இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்றில் ஆடி இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை அலுவலகத்தில் மேடம் கேட்டார், "நீ ஆடின லீக்ல இருந்தா போனாங்க?" ஆமாம் மேடம், பாதிக்கு மேல் நான் எதிரே ஆடினவர்கள்தான் என்றேன். "அப்ப அடுத்த தடவை விளக்கத்துல இதையும் சேர்த்து எழுது" என்றார்.

திரும்பி வந்தபின் இரண்டு வேலை பாக்கி இருக்கும். பணியில் சேர்ந்த அன்றே சேர்க்கை அறிக்கை கொடுத்து, விடுப்பைப் பணிப்பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். கிளப் தந்த தொகையில் வரி பிடித்திருந்தால் அதற்கான சான்றிதழை வாங்கி வருமான வரிக் கணக்கில் சேருங்கள். கிளப்புகள் கடைசி மாதச் சம்பளத்தை இழுப்பது வழக்கம். எனக்கும் இழுத்தார்கள், வந்தது. வராவிட்டால் கூட்டமைப்பில் புகார் செய்ய வழி இருக்கிறது. அதற்கு உங்கள் கையில் இருபுறமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் டிராஃப்ட் செல்லாது.

மனு மாதிரிகள் இரண்டும், ஒப்பந்தத்தில் நான் மாற்றச் சொன்ன வரிகளும் என்னிடம் இருக்கின்றன. வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். கிளப் பெயரையும் அந்த மேடத்தின் கையெழுத்தையும் மட்டும் மறைத்துவிட்டு.