மாமா வீட்டு சீலிங் வேர்த்த கதை

போன தீபாவளிக்கு மாமா வீட்டில் புதுசாகப் பெயின்ட் அடித்தார்கள், பொங்கலுக்குள் மேல்மாடிப் படுக்கையறை சீலிங்கில் பழையபடி கறுப்புப் புள்ளி. சிங்கப்பூரில் செராங்கூன் பக்கம் பழைய தரைவீடு, ஓட்டுக் கூரை, அதற்குக் கீழே ஜிப்சம் பலகை சீலிங், நடுவே ஒரு ஆள் குனிந்து போகும் அளவுக்கு இடம். ஊரில் பரண் என்போமே, அது மாதிரி, ஆனால் அண்டா குண்டா எதுவும் இல்லை, வெறும் ஒயரும் ஏர்கான் குழாயும்தான்.

"ஓடு ஒழுகுதுடா" என்றார் மாமா. ஒரு ஆள் வந்து பார்த்துவிட்டு, கூரை முழுக்க வாட்டர்புரூஃபிங் செய்யணும் என்று ஒரு தொகை சொன்னார், அத்தை அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஓடு ஒழுகினால் மழை பெய்த அன்றைக்குத்தானே ஈரம் தெரியணும்? இங்கே மழையே இல்லாத வாரத்திலும் பலகை நசநசவென்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை ராத்திரி அங்கேயே தங்கி, விடிகாலை ஐந்து மணிக்கு ஏணி போட்டு மேலே ஏறினேன். டார்ச் அடித்துப் பார்த்தால் பலகையின் மேல்பக்கம் பொடிப்பொடியாகத் தண்ணீர் முத்து. ஓடு காய்ந்து கிடக்கிறது. வெப்பத்தைத் தடுக்கப் பஞ்சு மாதிரி கிளாஸ்வூல் விரித்திருந்தார்கள், ஆனால் சீலிங்கில் பதிக்கிற டவுன்லைட் போட வந்தவர்கள் அதை ஒரு ஓரமாகச் சுருட்டித் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கே பஞ்சு இல்லையோ அங்கே மட்டும், அளந்து வெட்டியது மாதிரி, நீள்சதுரமாகக் கறுப்பு. கீழே படுத்துக்கொண்டு பார்த்தாலும் அதே நீள்சதுரம்தான் தெரியும்.

காப்பிக்கடையில் மைலோ பெங், அதாவது ஐஸ் போட்ட மைலோ, வாங்கி மேசையில் வைத்தால் டம்ளருக்கு வெளியே வேர்க்கிறது இல்லையா, விஷயம் அவ்வளவுதான். ராத்திரி 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், சுமார் 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் அந்தக் காற்று தண்ணீர் விடும். மாமா ஏர்கானை 19-இல் வைத்துத் தூங்குகிறவர். வேர்க்காமல் என்ன செய்யும்? ஜிப்சம் பலகையின் மேலே ஒட்டியிருப்பது காகிதம், பூஞ்சைக்கு அது சாப்பாடு, ஈரமும் கிடைத்தால் அப்புறம் கேட்கவே வேண்டாம்.

யூடியூபில் பார்த்துச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்லணும். அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை கனடா, அமெரிக்காவில் எடுத்தவை. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று மேலே ஏறி, சில்லிட்ட கூரைப் பலகையில் பட்டு நீராகிறது, அதனால் வெளிக்காற்றை விட்டால் காய்ந்துவிடும். நமக்கு எல்லாம் தலைகீழ். குளிர் கீழே, ஈரம் மேலே, வெளிக்காற்றே ஈரம். காற்றுத் துளை மட்டும் வைத்துவிட்டு ராத்திரியில் காயும் என்று காத்திருந்தால் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஈரத்தைத் தடுக்கும் ஃபாயில்கூட அங்கே அறையைப் பார்த்து இருக்கும், இங்கே கூரையைப் பார்த்து இருக்கணும்.

அதற்காகத் துளையே வேண்டாம் என்று சொல்லவில்லை. மைனா கூடு கட்டுகிறது என்று பக்கச்சுவர்த் துளைகளை மாமா எப்போதோ சிமென்ட் பலகை வைத்து அடைத்திருந்தார். அது போதாதென்று பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் வெளியே போகவே இல்லை, பாதியில் நின்று, குளித்த ஆவியெல்லாம் நேராகப் பரணுக்குள். யார் போட்டார்களோ, கும்பிடணும்.

குழாயைச் சுவர் தாண்டி வெளியே விட்டோம். துளைகளைத் திறந்து கம்பிவலை அடித்தோம். டவுன்லைட்டைச் சுற்றியிருந்த சந்துகளை அடைத்து, நனைந்த பஞ்சை எறிந்துவிட்டு, விளக்குகளுக்கு வேண்டிய இடம் விட்டுப் புதுசு விரித்தோம். நனைந்த கிளாஸ்வூல் வெப்பத்தையும் தடுக்காது, சும்மா ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஏர்கான் குழாயில் கிழிந்திருந்த கறுப்பு ஃபோமையும் மாற்றினோம். பூஞ்சை பிடித்த மூன்று பலகைகளைக் கழற்றியே விட்டோம். பிளீச் போட்டுத் துடைத்தால் மேலே வெள்ளையாகும், காகிதத்துக்குள் இருப்பது போகாது. இந்த வேலைக்கு என்95 முகக்கவசம் கட்டாயம். நான் முதல் நாள் சும்மா ஏறிவிட்டு இரண்டு நாள் தும்மினேன்.

வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்களுக்குப் பரண் கிடையாது, ஆனால் அலமாரிக்குப் பின்னால் இதே கூத்து நடக்கும், அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் ஏர்கான் போட்ட அறை இருந்தால். அலமாரியை நாலு விரல் தள்ளிப் போடுங்கள்.

ஏர்கானை 25-இல் வைங்க மாமா என்றேன். 23 வரை வந்திருக்கிறார். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தேன், அதுதான் தப்பாகப் போயிற்று. தினமும் காலை ஆறரைக்கு வாட்ஸ்அப்பில் அதைப் படம் எடுத்து அனுப்புகிறார். இன்றைக்கு 61.