இடுப்பு என்றால் எந்த இடுப்பு?

அம்மாவுக்கு 74 வயது. விழவில்லை, எதுவும் உடையவில்லை. உடைவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளலாமே என்று கிளம்பியதற்குத்தான் ஒன்றரை மாத அலைச்சல், இரண்டு ஸ்கேன், ஒரு சண்டை.

ஆரம்பம் எங்கள் ஆதம்பாக்கம் குடியிருப்பில் நடந்த இலவச எலும்பு முகாம். குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைக்கச் சொன்னார்கள், இரண்டு நிமிடத்தில் ஒரு சீட்டு வந்தது, பச்சைக் கோட்டில் புள்ளி. அம்மா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துவிட்டார். முதியோர் மருத்துவரிடம் பெருமையாக நீட்டினோம். அவர் ஓரமாக வைத்துவிட்டார். அது அல்ட்ராசவுண்ட். எலும்பு மெலிவு உண்டா இல்லையா என்று முடிவு செய்ய உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த டி-ஸ்கோர் அளவை (இளம் வயதினரின் சராசரியிலிருந்து நம் எலும்பு அடர்த்தி எவ்வளவு விலகியிருக்கிறது என்ற எண்) எக்ஸ்ரேயால் அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனோடுதான் பொருத்த வேண்டும், குதிகால் பெட்டியோடு இல்லை. சரி, டெக்சா எடுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

சீட்டில் இருந்தது ஒரே வார்த்தை: "பிஎம்டி", அதாவது எலும்பு அடர்த்தி. இங்கேதான் கோட்டை விட்டேன்.

தி.நகர் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர். முதல் தடவை போனபோது, காலையில் கால்சியம் மாத்திரை போட்டுவிட்டு வந்ததால் திருப்பி அனுப்பினார்கள். முந்தைய நாளே நிறுத்தியிருக்க வேண்டுமாம். ஃபோனில் பதிவு செய்தபோது யாரும் சொல்லவில்லை. மறுபடி போனோம். கவுன்ட்டரில் இருந்த பெண், "எந்த இடம் மேடம்?" என்றார். "இடுப்பு" என்றேன். அவர் தட்டினார், 2,200 ரூபாய் கட்டினேன். அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். பத்து நிமிடம். ரிப்போர்ட்டில் டி-ஸ்கோர் மைனஸ் 1.1. மைனஸ் 2.5-க்குப் போனால்தான் எலும்பு மெலிவு என்று படித்திருந்ததால், திரும்பும் வழியில் ரத்னா கஃபேயில் இட்லி சாம்பாரே சாப்பிட்டோம்.

மருத்துவர் ரிப்போர்ட்டைப் புரட்டினார், திருப்பிப் பார்த்தார். "ஹிப் எங்கே?"

எடுத்திருந்தது இடுப்புப் பகுதி முதுகெலும்பு. அவருக்கு வேண்டியது தொடை எலும்பின் கழுத்து, அதாவது தொடை போய்ப் பந்து மாதிரி மாட்டிக்கொள்ளும் இடத்துக்குக் கீழே ஒடுங்கியிருக்கும் பகுதி. வயதானவர்கள் விழுந்தால் முறிகிற முக்கியமான இடங்களில் அது ஒன்று. நமக்கு இடுப்பு என்றால் புடவை சொருகும் இடம். டாக்டருக்கு வேறு இடுப்பு. அதோடு, வயதானவர்களின் முதுகெலும்பில் தேய்மானத்தால் வளரும் எலும்பு முட்களும் அடர்த்தியாகவே பதிவாகும், எண்ணை நல்லதாகக் காட்டிவிடும். எங்கள் மைனஸ் 1.1-இல் பாதி அந்த முட்களின் புண்ணியமாக இருக்கலாம் என்றார். இட்லி வயிற்றில் புரண்டது.

மறுபடி ஸ்கேன் சென்டர். "நீங்க கேட்டதைத்தானே எடுத்தோம்" என்றார்கள். வழக்கமாக இரண்டு இடமும் சேர்த்துத்தானே எடுக்க வேண்டும், ஒரு இடம் மட்டும் என்றால் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று அரை மணி நேரம் நின்றேன். கடைசியில் மேனேஜர் பாதிக் காசுக்கு எடுத்துத் தந்தார். சொல்லிவைக்கிறேன்: சீட்டில் "ஹிப்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீட்டிலிருந்து கிளம்புங்கள்.

தொடைக் கழுத்தின் எண் மைனஸ் 2.2. இரண்டுங்கெட்டான்.

இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் ஃப்ராக்ஸ் என்ற கணக்கு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008-லிருந்து இணையத்தில் இருக்கிறது. 40 முதல் 90 வயது வரை போட்டுப் பார்க்கலாம், நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் உண்டு. அடுத்த 10 ஆண்டில் இடுப்பு மூட்டு முறிய எத்தனை சதவீத வாய்ப்பு என்று சொல்லும். மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். எடை, புகை, மது, முடக்குவாதம், எல்லாம் ஓடிவிட்டன. உயரம் மட்டும் அம்மா சொன்னதைவிட 4 சென்டிமீட்டர் குறைவு, அதை அவர் தனியாகக் குறித்துக்கொண்டார். வீசிங்குக்கு இழுக்கும் பஃப்பை ஸ்டீராய்டு என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். மாத்திரையாகச் சாப்பிட்டதைத்தான் கணக்கில் எடுப்பார்களாம்.

"உங்க அம்மா அப்பா யாருக்காவது இடுப்பு எலும்பு முறிஞ்சிருக்காம்மா?"

"இல்லை டாக்டர்."

இல்லை என்றே தட்டினார். இடுப்புக்கான எண் 3 சதவீதத்துக்குக் கீழே நின்றது. அமெரிக்காவில் எலும்பு மெலிவுக்கு மாத்திரை யோசிப்பது 3-இலிருந்து. பயப்படத் தேவையில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்றார். எழுந்துவிட்டோம். எனக்கு என்னவோ உறுத்தியது. பாட்டி கடைசிக் காலத்தில் படுத்தே கிடந்தது ஏன்?

"அது கால்டீ. கால் ஒடிஞ்சுது."

திருத்தணியில் இருக்கும் மாமாவுக்கு அங்கேயே ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "கொல்லையில வழுக்கி விழுந்தாங்க. தொடைக்கு மேல, சந்துகிட்ட. புத்தூர் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டோம். ஒரு கால் குட்டையாப் போச்சு, அப்புறம் எழுந்திரிக்கவே இல்லை."

மருத்துவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி இல்லை-யை ஆம் ஆக்கினார். எண் 3-ஐத் தாண்டிப் போனது. எக்ஸ்ரே, ஃபைல் எதுவும் இல்லாத பாட்டி அந்த ஒரு கட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டார்.

அதோடு விடவில்லை. அடிக்கடி விழுபவரா என்பதை அந்தக் கணக்கு கேட்பதே இல்லையாம். அதனால் அம்மாவை நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். 12 வினாடி ஆனாலே கவனிக்க வேண்டும். அம்மா 16. எழும்போது இரண்டு கையையும் ஊன்றினார், நான் இத்தனை நாள் அதைப் பார்க்கவே இல்லை.

இப்போது வாரம் ஒரு மாத்திரை, ஞாயிறு காலை. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் தண்ணீரோடு, பிறகு அரை மணி நேரம் படுக்கவும் கூடாது, காபியும் கூடாது. பல் பிடுங்கும் வேலை ஏதும் இருந்தால் முன்பே முடிக்கச் சொன்னார்கள். அம்மாவுக்குக் காபிதான் கொடுமை. டிகாக்‌ஷன் இறங்கும் சத்தத்தைக் கேட்டபடி கடிகாரத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார். பாத்ரூமில் கைப்பிடி போட வரவேண்டிய ஆள் மூன்று வாரமாக நாளைக்கு வருகிறார்.

நேற்று மாமா கூப்பிட்டார். "ஏம்மா, அவங்க எனக்கும் அம்மாதானே? நானும் பார்க்கணுமா?" அவருக்கு 70. வரச் சொல்லியிருக்கிறேன். கவுன்ட்டரில் அவரைப் பேச விடப் போவதில்லை.