விக்கலாமா வச்சிருக்கலாமா மாநாடு

காலாண்டு ரிசல்ட் வந்ததிலிருந்து எங்க வீட்ல என்னோட ஷேர்தான் எல்லாருக்கும் பொழுதுபோக்கு. போர்ட்ஃபோலியோவில் மத்ததெல்லாம் சுமாராப் பச்சை காட்ட, இது மட்டும் மைனஸ் 60 சதவீதம்னு சிவந்து நிக்குது. குட்டி டெக் கம்பெனி. சிபாரிசு, வேற யாரு, மச்சினன்தான். "மாமா, இது அடுத்த அமேசான்."

அமேசானும் விழுந்து எழுந்ததுதான். 1999-ல் 100 டாலரைத் தாண்டின ஷேர், 2001-ல் 6 டாலர் பக்கம் வந்து படுத்துச்சு. இந்தப் புராணத்தைச் சொல்லும்போது மச்சினனுக்குக் கண்ணே கலங்கிடும். 2000 பிப்ரவரியில் மார்க்கெட்டுக்கு வந்து அதே நவம்பரில் கடையைச் சாத்தின பெட்ஸ்.காம்ங்கிற செல்லப்பிராணிச் சாமான் இணையக் கடையோட கதை மட்டும் அவன் வாயில் வந்ததே இல்லை.

நேத்து ராத்திரி மாநாடு கூடிச்சு. "60 இறங்கினா 60 ஏறினாப் போதும்தானே?"ன்னு நான் சாதாரணமாத்தான் கேட்டேன். மகள் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கத்தைத் திறந்து, 100 அடிச்சு 40, 40-லிருந்து மறுபடி 100-க்கு அம்புக்குறி போட்டு, "150 சதவீதம் ஏறணும்பா"ன்னு ரெண்டு தடவை அடிக்கோடு இழுத்தா. அதுவும் சிவப்பு மையில். வேற பேனாவே இல்லையாம்.

"ஆவரேஜ் பண்ணுங்க மாமா, இறங்கின விலையில் இன்னும் கொஞ்சம் வாங்கினா சராசரி விலை குறைஞ்சிடும்"ன்னான் மச்சினன். "விட்டதைப் பிடிக்கிறேன்னு இருக்கிறதையும் விட்டுடாதடா"ன்னு உள்ளேயிருந்து அம்மா.

மனைவி நிதானமாக் கேட்டா: "வாங்கின விலை வரட்டும், வித்துடறேன்னு சொல்றீங்களே, நீங்க வாங்கின விலை அந்தக் கம்பெனிக்குத் தெரியுமா?"

ஏறினதைச் சட்டுனு வித்துட்டு இறங்கினதைக் கட்டிக்கிட்டு அழறது உலகம் பூரா இருக்கிற வியாதிதான், ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெய்ர் ஸ்டாட்மன்னு ரெண்டு பேராசிரியர்கள் 1985-லேயே இதுக்குப் பேர் வச்சுட்டாங்கன்னு எடுத்துச் சொன்னேன். "இதைக் கண்டுபிடிக்க ரெண்டு பேரா?"ன்னா.

சரி, கம்பெனி என்னதான் செய்யுதுன்னு பார்ப்போம்னு ஆண்டறிக்கையை எடுத்தேன். தலைவர் கடிதத்தில் பத்திக்குப் பத்தி ஏஐ. பொருள்னு ஒண்ணும் தட்டுப்படலை, 'சொல்யூஷன்' மட்டும் நிறைய. படத்தில் நாலு பேர் எதுவுமே எழுதாத வெள்ளைப் பலகையைப் பார்த்துப் பூரிச்சுப் போய் நிக்கிறாங்க. பின்னாடி பொடி எழுத்தில் இருக்கிற பணவரத்துக் கணக்கில்தான் உண்மை: வியாபாரத்திலிருந்து காசு வரலை, போகுது. ஓட்டையை அடைக்க வருஷா வருஷம் புதுப் பங்கு அச்சடிக்கிறாங்க, என் பங்கு இன்னும் குட்டியாகுது.

"பேர்லயே ஏஐ சேர்க்கப் போறாங்களாம் மாமா!" 2017 டிசம்பரில் ஐஸ் டீ வித்த ஒரு அமெரிக்கக் கம்பெனி பேரில் அப்போ எல்லார் வாயிலும் இருந்த 'பிளாக்செயின்'ங்கிற டெக் வார்த்தையை ஒட்டிக்கிட்டதும் ஷேர் ஒரே நாளில் ரெண்டு மடங்குக்கு மேல் பறந்துச்சு. அடுத்த வருஷமே நாஸ்டாக் பங்குச் சந்தை அதைப் பட்டியலிலிருந்து தூக்கிடுச்சு. மச்சினனுக்கு முதல் பாதி மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

கடைசியில் பாதியை வித்துடறதுன்னு சமரசம். ஏறினா வித்த பாதிக்கு அழலாம், இறங்கினா வச்ச பாதிக்கு அழலாம். இன்னிக்குக் காலையில் ஆர்டர் போட்டா, வாங்க ஆள் வேணுமே! திரையில் எனக்கு மேலே விக்கிறவங்க வரிசை நீளமா நிக்குது, வாங்குற பக்கம் யாரோ ஒரு புண்ணியவான் 12 பங்கு கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அந்த 12 போச்சு. மீதி ஆர்டர் சாயங்காலம் தானா ரத்து.

"உன்னோடது எவ்வளவுடா நஷ்டத்தில் இருக்கு?"ன்னு அப்போதான் மச்சினனைக் கேட்கத் தோணுச்சு.

"நான் லாபத்துலயே வித்துட்டேனே மாமா, நீங்க வாங்கின வாரமே. நீங்க கேட்கவே இல்லையே."

மனைவி முகத்தில் அப்படி ஒரு பெருமை. "பார்த்தீங்களா, என் தம்பி விவரமானவன்னு நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"