கெர்கின் போடலாமா என்று சித்தப்பா கேட்டதற்கு

சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர், கிணற்றுப் பாசனம். கம்பெனிக்காரர்கள் வந்து கெர்கின் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். விதை, உரம், மருந்து எல்லாம் கடனாகத் தருவார்களாம், விலை முன்கூட்டியே பேசிக்கொள்ளலாமாம், வண்டி ஊருக்கே வருமாம். "ஏம்ப்பா, நீ அந்த வேலையில இருந்தவன்தானே, போடலாமா வேண்டாமா?" என்றார். திண்டுக்கல் பக்கம் ஒரு கெர்கின் கம்பெனியில் நான் பீல்டு ஆபீசராக, அதாவது வயல் வயலாகப் போய் விவசாயிகளிடம் பேசுகிற கம்பெனி ஆளாக, இருந்தவன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

கெர்கின் என்பது ஊறுகாய்க்கென்றே வளர்க்கும் குட்டி வெள்ளரி. பர்கருக்குள் வட்டமாக நறுக்கி வைப்பார்களே, அதுதான். 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்து, பிறகு தமிழ்நாடு, ஆந்திரா, தெலங்கானா என்று பரவியது. நம் ஊர்ச் சந்தையில் ஒரு கூடை கொண்டுபோய் வைத்தால் ஏனென்று கேட்க ஆளிருக்காது. விளைவதில் கிட்டத்தட்ட எல்லாமே உப்பு நீரிலோ வினிகரிலோ ஊறி, டிரம்மிலும் பாட்டிலிலும் கப்பல் ஏறுகிறது. இந்தப் பயிரில் ஒப்பந்தம் இத்தனை வருடம் தாக்குப்பிடிப்பதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. தக்காளிக்கு ஒப்பந்தம் போட்டால், ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் விலை ஏறிய அன்று விவசாயி அங்கே போய்விடுவார். விலை விழுந்த அன்று கம்பெனிக்காரர் போனை எடுக்கமாட்டார். கெர்கினில் ஓடுவதற்கு இடமில்லை. ஆனால் ஒன்று, கம்பெனிக்குப் பத்து ஊர் இருக்கும், விவசாயிக்கு ஒரே வண்டிதான்.

இதில் விலை நிற்பது எண்ணிக்கையில். ஒரு கிலோவுக்கு 160 காய்க்கு மேல் நின்றால் முதல் தரம். 100 முதல் 160 வரை அடுத்தது, பிறகு 60 முதல் 100, அப்புறம் 30 முதல் 60. காய் பெருக்கப் பெருக்க விலை இறங்கும், கடைசித் தரம் முதல் தரத்தை விடப் பல மடங்கு மலிவு. காலமெல்லாம் எடைக்குக் காசு வாங்கிப் பழகியவர்களுக்கு இது லேசில் மனசுக்குள் இறங்காது. ஆறு கிராம் பிஞ்சைப் பறிக்கச் சொன்னால் கை கூசும். முதல் தரத்தில் ஒரு கிலோ நிற்கிற அதே 160 காயைப் பெருக்க விட்டால், கிலோவுக்கு 30 என்ற கணக்கில் ஐந்து கிலோவுக்கு மேல் வரும். ஆனால் கையில் வருகிற காசு குறையும். ஒரு நாள் பறிப்பு தவறினால் காய் அடுத்த தரத்துக்குப் போய்விடும். விதைத்த முப்பத்தைந்து நாள் வாக்கில் பறிப்பு ஆரம்பித்தால், கொடி ஓய்கிறவரை தினமும் ஆள் இறங்க வேண்டும். கல்யாணம், காதுகுத்து, திருவிழா எதுவும் கணக்கில் வராது.

பறிப்பை விடப் பெரிய தலைவலி மருந்து. கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வரும், பழ ஈ வரும். அடிக்கிற மருந்துக்கெல்லாம் காத்திருப்பு நாள் உண்டு, அது முடிந்தபிறகுதான் பறிக்கலாம். தினமும் பறிக்கிற பயிரில் மூன்று நாள் காத்திருப்பு என்றால் மூன்று நாள் காய் பெருத்துப் போகும், காத்திருக்காமல் பறித்தால் நஞ்சு எச்சம் நிற்கும். ஐரோப்பாவில் தனி வரம்பு குறிக்காத மருந்துகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அனுமதி. அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு. பக்கத்து வயலில் கத்தரிக்கு அடித்தது காற்றில் வந்தாலே சிக்கல்தான். கம்பெனி கொடுக்கிற மருந்துப் பட்டியலைத் தாண்டி எதுவும் அடிக்கக்கூடாது என்று நான் கத்திக்கொண்டே இருந்ததற்குக் காரணம் இதுதான். தேனீ சுற்றும் காலை நேரத்தில் அடித்தால் மகரந்தம் சரியாகச் சேராமல் காய் வளையும், அதற்கும் தரம் இறங்கும். அடிப்பதை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

விவசாயிகளிடம் கம்பெனி காய் வாங்குகிற கலெக்ஷன் சென்டரில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு அம்மா சாக்கைக் கவிழ்த்ததும், தரம் பிரிக்கிற பையன் ஒரு குவியலை அப்படியே மூன்றாம் தரத்துக்குத் தள்ளினான். அந்த அம்மா நகரவில்லை. "தராசுல ஒரு கிலோ போடு தம்பி, எண்ணிப் பாத்துருவோம்" என்றார். எண்ணினோம், 112. இரண்டாம் தரத்து விலை கிடைத்தது. அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் எண்ணச் சொன்னார்கள். வண்டி தாமதமாகிறது என்று எனக்கு மேலே இருந்த அதிகாரி எண்ணுவதையே நிறுத்தச் சொல்லிவிட்டார். இவ்வளவும் போக, பேக்டரியில் மறுபடி பிரிப்பார்கள். அங்கே விவசாயி இருக்கமாட்டார், பில்லில் கழிவு என்று ஒரு வரி மட்டும் வரும்.

2022-ல் மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்ன கணக்கு: 2020-21-ல் வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதி 2,23,515 டன், 22.3 கோடி டாலர். ஏக்கருக்கு நான்கு டன், வரவு 80,000 ரூபாய், நிகரம் 40,000 என்றும் சொன்னார்கள். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்குச் சராசரி 20 ரூபாய். முதல் தரத்து விலையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள். வீட்டு ஆட்கள் தினமும் குனிந்து பறிக்கிற கூலியையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றரை ஏக்கர் முழுக்கப் போட்டால் உங்களுக்கும் சித்திக்கும் கட்டுப்படியாகாது, அரை ஏக்கர் போதும்.

தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்றே 2019-ல் சட்டம் வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும், பேசிய விலை சந்தை விழுந்தாலும் நிற்க வேண்டும் என்கிறது. நல்லதுதான், பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் நான் பார்த்த சண்டைகளில் விலைச் சண்டை குறைவு. "இது ரெண்டாம் தரம்" "இல்ல, மூணாம் தரம்" என்பதுதான் தினமும்.

அதனால் சித்தப்பா, விலையைக் கடைசியில் கேளுங்க. முதலில், தரம் பிரிப்பது உங்கள் கண் முன்னாலா, சந்தேகம் வந்தால் எண்ண விடுவார்களா என்று கேளுங்க. பேக்டரியில் கழிப்பதற்கு உச்ச அளவு உண்டா என்று கேட்டு, உண்டென்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்க. மழையில் வண்டி வராத அன்று பறித்து வைத்த காய்க்கு யார் பொறுப்பு என்பதையும் எழுதச் சொல்லுங்க. இதற்கெல்லாம் பீல்டு ஆபீசர் "பார்த்துக்கலாம் சார்" என்பார். நானும் அப்படித்தான் சொல்வேன், அப்படிச் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம். மேனேஜரை வரச் சொல்லுங்க.