சியோலில் மிச்சச் சோறு

சியோலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் குடிவருபவர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள், மிஞ்சிய சோற்றை எங்கே, எப்படிக் கொட்டுவது என்பதும் ஒன்று. தென் கொரியாவில் உணவுக் கழிவை அப்படியே நிலத்தில் புதைப்பது 2005 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. கொட்டும் அளவுக்கேற்பக் கட்டணம் வாங்கும் முறை 2013இல் நாடெங்கும் பரவியது. எங்கள் குடியிருப்பில் கீழே நிற்கும் தொட்டியில் அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டியதும் எடை திரையில் தெரியும், அதற்கான தொகை மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்ந்து வரும்.

பணத்துக்குப் பயந்துதான் இங்கே சிக்கனமாகச் சமைக்கிறார்கள் என்று ஊரிலிருந்து பேசுபவர்கள் நினைக்கிறார்கள். கிலோவுக்கு நூற்றுச் சில்லறை வொன் என்பது ஒரு காப்பிக்குக்கூடக் காணாது. அந்தத் தொகை யாரையும் திருத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னால் பக்கத்து வீட்டு மூதாட்டி, நீரை ஒட்ட வடித்த சிறு கிண்ணத்தோடு காத்து நிற்கும்போது, நேற்றைய சாம்பாரும் புளித்த மாவுமாக நம் பங்கு இரண்டு கிலோவைத் தாண்டுவதைத் திரை காட்டுகிறதே, அதுதான் மறுநாள் அரிசி அளக்கும் கையைப் பிடிக்கிறது.

தரம் பிரிக்கும் வேலையும் சேர்ந்துகொள்கிறது. கழிவு கால்நடைத் தீவனமாகவும் உரமாகவும் எரிவாயுவாகவும் மாற்றப்படுவதால், முட்டை ஓடு, எலும்பு, வெங்காயச் சருகு, தேயிலைச் சக்கை எல்லாம் பொதுக் குப்பைப் பைக்குத்தான் போக வேண்டும். ஆட்டுக்கறிக் குழம்பு மிஞ்சினால் எலும்பைப் பொறுக்கி எடுக்கும் சலிப்பே பாதிப் பாடம்.

தஞ்சாவூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில் மிஞ்சிய சோறு பழையதாகும், அதிலும் மிஞ்சியது கழுநீர்த் தொட்டிக்குப் போகும், மாடு குடித்துவிடும். கொள்வதற்கு ஒரு வாய் இருந்ததால், யாராவது வந்தால் இருக்கட்டும் என்று ஒரு படி கூடுதலாக உலையில் போடுவதை யாரும் வீண் என்று எண்ணியதில்லை. அந்த வழக்கத்தைத்தான் என் மனைவி இங்கே மெல்ல விட்டாள். இட்லி மாவையும் வாரத்துக்கு இருமுறை சிறிதாக அரைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தமிழ் நண்பர்கள் சாப்பிட வரும்போது மட்டும் எங்கள் வீட்டில் அளவு பார்ப்பதில்லை. மிஞ்சியதைக் கட்டிக்கொண்டு போக, வரும்போதே டப்பாவோடு வந்துவிடுகிறார்கள்.