கார்ல்ஸ்டாட் போயிட்டு வந்த கதை: நார்வேயும் ஸ்வீடனும் பிரிஞ்ச ஊர்

ஆஸ்லோ போற எல்லாரும் நடக்குற ரோடு கார்ல் யோகான்ஸ் காட்டே, அதோட மேட்டுல அரண்மனை, முன்னாடி குதிரை மேல ராஜா சிலை. அந்த ராஜா யாருன்னா ஸ்வீடன் ராஜா, பிறப்புல பிரெஞ்சுக்காரர், நெப்போலியன்கிட்ட மார்ஷலா இருந்த பெர்னடாட், ஸ்வீடன் வந்தப்புறம் பேரு கார்ல் யோகான்! 1814ல டென்மார்க் நார்வேயை ஸ்வீடனுக்குத் தாரை வார்த்துடுச்சு, நார்வேக்காரங்க விடல, மே 17 எய்ட்ஸ்வோல்ங்கிற ஊர்ல சொந்தமா அரசியல் சட்டம் போட்டுட்டாங்க, உடனே ஸ்வீடன் படை வந்துச்சு, சில வாரம் சண்டை, கடைசில ராஜா ஒருத்தர், பார்லிமென்ட் தனித்தனின்னு ராசி ஆச்சு. ஆனா மே 17ஐ கொண்டாடுனா இவருக்குப் பிடிக்காது, 1829ல கூட்டத்து மேல குதிரைப்படையே பாய்ஞ்சிருக்கு. அவர் பேர்ல இருக்குற ரோட்டுலதான் இப்ப மே 17 ஊர்வலமே போகுது, செம காமெடி.

இதெல்லாம் தாண்டி கடைசில உடைஞ்சது கான்சல் விஷயத்துல, அதாவது வெளிநாட்டு ஊர்ல நம்ம ஆளுங்களையும் வியாபாரத்தையும் பாத்துக்குற அதிகாரி. வெளியுறவு ஸ்வீடன் கையில, கடல் பூரா ஓடுற கப்பல் நார்வேயோடது, அப்ப எங்களுக்குத் தனி கான்சல் வேணும்னு 1905ல சட்டம் போட்டாங்க, அப்ப ரெண்டு நாட்டுக்கும் ராஜாவா இருந்த ஆஸ்கார் கையெழுத்து போடல, மந்திரிங்க ராஜினாமா, வேற மந்திரிசபை அமைக்க அவரால முடியல. ஜூன் 7 நார்வே பார்லிமென்ட் என்ன பண்ணுச்சுன்னா, மந்திரிசபை அமைக்க முடியாதவர் ராஜாவா இயங்கல, அதனால யூனியனும் முடிஞ்சுதுன்னு தீர்மானத்துக்கு நடுவுல போற போக்குல சொருகிட்டாங்க. வக்கீல் மூளை! ஆகஸ்ட்ல ஓட்டு எடுத்தா பிரியலாம்னு 3,68,208, வேணாம்னு வெறும் 184. பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்ல, அவங்க தனியா ரெண்டு லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கிக் குடுத்தாங்க.

ரெண்டு பக்கமும் எல்லையில படை நிக்க, பேச்சு நடந்தது ஸ்வீடன்ல இருக்குற கார்ல்ஸ்டாட்ல. ஆஸ்லோல ஸ்டாக்ஹோம் ட்ரெயின் ஏறினா காங்ஸ்விங்கர் வழியா போய் எறங்கிடலாம். நார்வே தன்னோட எல்லைக் கோட்டைங்களை இடிக்கணும்னு ஸ்வீடன் பிடிவாதம், நார்வேல பயங்கர கடுப்பு, காங்ஸ்விங்கர் பழைய கோட்டை மாதிரி சிலது மட்டும் தப்பிச்சுது. செப்டம்பர் 23 ஒப்பந்தம் முடிஞ்சுது, குண்டு வெடிக்கல.

கார்ல்ஸ்டாட் நடு சதுக்கத்துல 1955ல வச்ச சிலை இருக்கு, ஒடைஞ்ச வாளோட ஒரு பொம்பளை, ஒரு சிப்பாயோட தலையை மிதிச்சுட்டு நிக்குது, சமாதானச் சின்னமாம், எனக்கென்னவோ ரொம்ப கோவமா தெரிஞ்சுது. கார்ல போறவங்க எல்லைக்கோட்டுலயே இருக்குற மோரோகூலியன்ல நிறுத்துங்க, 18 மீட்டர் சமாதானத் தூண், 1914 ஆகஸ்ட்ல, முதல் உலகப்போர் ஆரம்பிச்ச கையோட திறந்தது. நாங்க ட்ரெயின்ல போனதால அது மிஸ்ஸிங்.