எங்கள் டிடிபி நிலையம் விண்டோஸ் 11-க்கு மாறியது

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தன. கும்பகோணத்தில் டிடிபி நிலையம் நடத்தும் நான் அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே இந்த வேலையில் இறங்கிவிட்டேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், நினைவஞ்சலி, சிறு நூல்கள் என்று எங்களிடம் வரும் வேலைகளில் பாதிக்கு மேல் பழைய கோப்பைத் தோண்டி எடுத்துச் செய்பவை. "அப்பா கல்யாணத்துக்கு நீங்கள்தானே அடித்தீர்கள், அதில் பெரியவர்கள் பெயர் போட்ட வரிசை மாறாமல் அப்படியே வேண்டும்" என்று மகன் வந்து நிற்பார். அதனால் கணினி புதிய இயங்குதளத்தைத் தாங்குமா என்பதைவிட, இருபது ஆண்டுக் கோப்புகள் அதில் திறக்குமா என்பதே எனக்குப் பெரிய கவலை.

எங்களிடம் மூன்று கணினிகள். மைக்ரோசாஃப்ட் தரும் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறு செயலியை மூன்றிலும் ஓட்டினேன். மூன்றுமே தகுதியற்றவை என்றது. பழுது பார்க்க வரும் தம்பி, "அக்கா, மூன்றையும் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கிவிடுங்கள்" என்றார். தகுதியற்றது என்ற பதிலுக்குப் பின்னால் ஒவ்வொரு கணினிக்கும் வெவ்வேறு காரணம் இருந்தது. அதைப் பார்க்காமல் கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸ் 11 கேட்பவற்றில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் பெரிய தடை இல்லை. தடையாக நிற்பவை மூன்று: இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, யூஇஎஃப்ஐ என்ற புதிய துவக்க முறையில், நம்பகமான நிரல்களை மட்டுமே கணினி கிளம்பும்போது அனுமதிக்கும் செக்யூர் பூட். முதலாவது இல்லையென்றால் முறையான வழி எதுவும் இல்லை. மற்ற இரண்டும் பல கணினிகளில் இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

வடிவமைப்புக்குப் பயன்படுத்தும் கணினியில் எட்டாம் தலைமுறை ஐ5. கணினி கிளம்பும்போதே நுழையக்கூடிய அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிபிஎம் என்ற பெயரே இல்லை. இன்டெல் மதர்போர்டுகளில் அது 'பிடிடி' என்ற பெயரில் இருக்கும், ஏஎம்டியில் 'எஃப்டிபிஎம்'. பிடிடியை இயக்கியதும் அந்தத் தடை நீங்கியது. செக்யூர் பூட்தான் இழுத்தடித்தது. அந்தக் கணினியில் விண்டோஸ் பழைய 'லெகசி' முறையில், எம்பிஆர் வகை வட்டில் (வட்டின் பகிர்வுகளைக் குறித்து வைக்கும் பழைய முறை) நிறுவப்பட்டிருந்தது. பயாஸில் நேராக யூஇஎஃப்ஐக்கு மாற்றினால் விண்டோஸ் கிளம்பவே கிளம்பாது. முதலில் வட்டைப் புதிய முறையான ஜிபிடி வகைக்கு மாற்ற வேண்டும்.

அதற்கு விண்டோஸிலேயே 'எம்பிஆர்2ஜிபிடி' என்ற கட்டளை இருக்கிறது. மாற்றுவதற்கு முன் வட்டு தகுதியானதா என்று அதுவே சோதித்துச் சொல்லும். எங்கள் வட்டு தேறவில்லை. காரணம், நம் ஊரில் கணினி போட்டுத் தரும் எல்லோரும் செய்வதுபோல் ஒரே வட்டை சி, டி, இ என்று வெட்டியிருந்தார்கள். டி-யும் இ-யும் 'லாஜிக்கல்' பகிர்வுகள், அதாவது ஒரு பெரிய பகிர்வுக்குள் வெட்டிய உட்பகிர்வுகள். அவை இருக்கும்வரை இந்தக் கட்டளை மாற்றித் தராது. இரண்டிலும் இருந்தவற்றை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, நகல் திறக்கிறதா என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திறந்து பார்த்து, அதன்பிறகே அந்தப் பகிர்வுகளை நீக்கினேன். அடுத்த சோதனையில் தேறியது. மாற்றம் சில நிமிடங்களில் முடிந்தது. உடனே பயாஸில் யூஇஎஃப்ஐயையும் செக்யூர் பூட்டையும் இயக்கினேன். ஹெல்த் செக் பச்சைக் குறி காட்டியது.

வட்டைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் பயாஸைத் தொடுவதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிபிஎம் அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்க வாய்ப்பு உண்டு. அப்போது சாவி இல்லையென்றால் கோப்புகள் போனதுதான்.

விண்டோஸ் 11 ஏறியபிறகு, பிடிக்கவில்லை என்றால் பத்து நாட்களுக்குள் பழைய இயங்குதளத்துக்குத் திரும்பலாம். அந்தப் பத்து நாட்களை நான் புதிய மெனுக்களைப் பழகுவதில் செலவழிக்கவில்லை. ஒவ்வொரு வகைக் கோப்பிலும் மிகப் பழையதை எடுத்துத் திறந்தேன். 2004-இல் செய்த ஒரு கோவில் மலர், பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் திறந்தது. அதை அச்செடுத்து, அலமாரியில் இருந்த பழைய மலரோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். வரி முறிவுகள் அப்படியே இருந்தன. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு காணாமல் போனால் பக்கம் முழுவதும் பொருளற்ற ஆங்கிலமாகிவிடும். இருக்கும் விண்டோஸின் மேலேயே ஏற்றியதால் நிறுவிய எழுத்துருக்கள் எல்லாம் தப்பின. வட்டை பார்மேட் செய்து புதிதாக நிறுவுகிறவர்கள் எழுத்துருக் கோப்புறையை முதலில் தனியே நகலெடுக்க வேண்டும்.

எங்களிடம் மெய்ப்புப் பார்ப்பவர் வாங்கிய புதிய மடிக்கணினியில் வேறு தொல்லை. அது விண்டோஸ் 11-உடனேயே வந்தது. லதா எழுத்துருவில் நாங்கள் அனுப்பிய வேர்டு கோப்பில் அவருக்குப் பக்க எண்கள் தப்பின. நாங்கள் 42-ஆம் பக்கம் என்றால் அவர் 45 என்பார். இப்போதைய விண்டோஸில் தமிழுக்கு இயல்பாக வருவது நிர்மலா யூஐ மட்டுமே. லதாவும் விஜயாவும் கூடுதல் எழுத்துருக்களாகத் தனியே கிடக்கின்றன. 'அமைப்புகள்' பகுதியில் விருப்ப வசதிகளுக்குள் போய்த் தமிழ்க் கூடுதல் எழுத்துருக்களைச் சேர்த்ததும் பக்கங்கள் ஒத்துப்போயின.

பச்சைக் குறிக்குப் பிறகும் மாட்டிக்கொண்டது டாங்கிள், அதாவது மென்பொருள் உரிமத்துக்குச் சாவியாகச் செருகும் சிறு கருவி. எங்கள் பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள் ஒன்று, யூஎஸ்பியில் டாங்கிள் செருகியிருந்தால்தான் ஓடும். அது விண்டோஸ் 11-இலும் ஓடியது. ஆனால் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பை இயக்கப் போனபோது, அதற்குப் பொருந்தாத டிரைவர் (கருவியை விண்டோஸோடு இணைக்கும் நிரல்) என்று விண்டோஸ் சுட்டியது டாங்கிளின் டிரைவரைத்தான். விற்ற நிறுவனத்தைக் கேட்டேன். அந்தப் பதிப்புக்கு இனிப் புதிய டிரைவர் வராது என்றார்கள். பணம் கொடுத்து வாங்கிய உரிமம் இப்படி அந்தரத்தில் நிற்பது எனக்கு உண்மையிலேயே கோபத்தைத் தந்தது. ஒரு டிரைவருக்காகப் பாதுகாப்பை அணைத்து வைக்க நான் தயாராக இல்லை. டிரைவரை நீக்கிவிட்டு டாங்கிளை மூன்றாவது கணினிக்கு மாற்றினேன்.

அந்த மூன்றாவது கணினிதான் இருப்பதிலேயே பழையது. 32 பிட் விண்டோஸ் 10. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மேலேற்றவும் முடியாது, துடைத்துவிட்டுத்தான் நிறுவ வேண்டும். அதில் நாங்கள் இன்றும் எப்போதாவது எடுக்கும் பழைய 16 பிட் எழுத்து மாற்றி ஒன்று இருக்கிறது. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. ஆகவே அந்தக் கணினியின் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டேன். அது இனிப் பழைய கோப்புகளைத் திறக்க மட்டும். கோப்புகள் பென் டிரைவில் போய் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வடிவமைப்புக் கணினியில் வைரஸ் சோதனை செய்த பிறகே.

முன்மேசைக் கணினியின் பிராசசர் ஏழாம் தலைமுறை. விண்டோஸின் உள்ளமைப்புகள் இருக்கும் பதிவகத்தில் (ரெஜிஸ்ட்ரி) ஒரு வரி சேர்த்தால் ஏமாற்றி ஏற்றிவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். செய்யலாம்தான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிகளுக்குப் புதுப்பிப்புகள் வருவதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் வந்து விழும் கணினியில் அந்த ஆட்டம் எனக்கு வேண்டாம். விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் அதைச் சேர்த்தேன். 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் வரும். இதற்கு 30 டாலர் கட்டலாம், 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகளைக் கொடுக்கலாம், அல்லது விண்டோஸ் பேக்கப்பில் அமைப்புகளை ஒத்திசைத்துக் கட்டணமின்றிச் சேரலாம். எந்த வழியானாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கும், 22எச்2 பதிப்பு விண்டோஸ் 10-உம் அவசியம். நான் மூன்றாவது வழியில் சேர்ந்தேன். இந்தக் காலக்கெடுவுக்குள் புதிய கணினி வாங்கப் பணம் சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் பழைய கோப்புகளை எழுத்துரு பதித்த பிடிஎஃப் ஆக்கி, உரையை யூனிகோடுக்கு மாற்றி வருகிறேன். மாற்றிகளை நம்பி விட்டுவிட முடியவில்லை. பழைய எழுத்துருவில் 'கௌரி' என்று அடித்தது, யூனிகோடில் 'கெ'-யும் 'ள'-வும் சேர்ந்த 'கெளரி'யாக வந்து விழுகிறது. அச்சில் வேறுபாடு அநேகமாகத் தெரியாது, ஆனால் கௌரி என்று தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது. கௌரி, சௌந்தரம், பௌர்ணமி எல்லாவற்றையும் தேடித் திருத்திக்கொண்டிருக்கிறேன். 2009 வரையிலான மலர்கள் முடிந்திருக்கின்றன.